சிடிஆர் ஏறினா போதுமா? கூகுளில் ஏலக்காய் விற்க நினைக்கும் சம்பளக்காரர்களுக்கு



"கூகுள் ஆட்ஸ் போட்டிருக்கேன், சிடிஆர் ஒண்ணரை சதவீதம்தான் வருது, எப்படி ஏத்துறது?" இதைக் கேக்கிறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி ஆளுங்க. வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. சொந்த ஊர் தேவாரம், போடி, கோம்பை பக்கம். அப்பாவோ மாமாவோ மலையில ஏலத்தோட்டத்துல இருப்பாங்க, இல்லன்னா போடியில காய் வாங்கி விக்கிற கடையில இருப்பாங்க. ஊருக்குப் போயிட்டு வரும்போது பையில ரெண்டு கிலோ நல்ல காய் வரும். ஆபீஸ்ல பாத்தவங்க எல்லாம் "எனக்கும் வாங்கிட்டு வாடா"ன்னு கேப்பாங்க. அங்கதான் யோசனை ஆரம்பிக்கும். ஒரு சின்ன வெப்சைட், ஒரு வாட்ஸ்ஆப் நம்பர், மாசம் அஞ்சாயிரம் ரூபாய்க்கு கூகுள் விளம்பரம்.

யோசனை தப்பில்லை. ஆனா அந்த அஞ்சாயிரம் உங்க சம்பளத்திலிருந்து போகுது. அதனால கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கணும்னு நினைக்கிறேன்.

சிடிஆர்னா க்ளிக் த்ரூ ரேட். உங்க விளம்பரம் 100 தடவை திரையில வந்தா எத்தனை தடவை அதைத் தட்டுறாங்கங்கிற கணக்கு. இது ஒரு பின்னம். மேல க்ளிக், கீழ காட்டிய எண்ணிக்கை. பின்னத்தைப் பெருசாக்க ரெண்டு வழி உண்டு. மேல இருக்கிறதைக் கூட்டலாம், கீழ இருக்கிறதைக் குறைக்கலாம். யூடியூபில் பாக்கிற முக்கால்வாசி வீடியோ முதல் வழியைத்தான் சொல்லுது: கவர்ச்சியா தலைப்பு வை, "ஆஃபர்"னு போடு, "இன்று மட்டும்"னு போடு. சம்பளக்காரருக்கு ரெண்டாவது வழிதான் சரின்னு நான் சொல்வேன். வாங்காத ஆளுக்கு விளம்பரமே போகக் கூடாது. ஏன்னா காட்டுறதுக்குக் காசில்லை, தட்டினாத்தான் காசு. மேல இருக்கிற எண்ணைக் கூட்டினா பில்லும் சேர்ந்து கூடும்.

ரெண்டு ஏலம்

நம்ம பக்கத்து ஆளுக்கு கூகுள் ஆட்ஸைப் புரிய வைக்கிறது சுலபம், ஏன்னா அதுவும் ஏலம்தான். போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் நடக்கிறது தெரியும். காயை லாட் லாட்டா வைப்பாங்க, சாம்பிளை முன்னாடியே வியாபாரிகள் பார்த்துடுவாங்க, கம்ப்யூட்டர்ல விலை ஏறும், அதிகம் கேட்டவருக்கு லாட் போகும். அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் வாங்க வந்தவர். வேடிக்கை பார்க்கிறவர் கிடையாது.

கூகுளில் ஒருத்தர் ஏதாவது தேடினா அந்த நொடியிலேயே அங்கேயும் ஒரு ஏலம் நடக்கும். ஆனா அதிகம் கேட்டவருக்கே முதல் இடம்னு கிடையாது. ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. 1998-ல் அமெரிக்காவில் பில் கிராஸ் நடத்திய கோட்டூ என்ற தேடுதளம் க்ளிக்குக்கு யார் அதிகம் தர்றாங்களோ அவங்களை மேல வெச்சது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸைத் தொடங்கி, 2002-ல் க்ளிக்குக்குக் காசுன்னு மாறும்போது ஒரு விஷயத்தைச் சேர்த்தது. கேட்கிற விலையோடு சிடிஆரையும் கணக்குல எடுத்தது.

ஏன்? இப்படிப் பாருங்க. ஒருத்தர் க்ளிக்குக்கு 10 ரூபாய் தர்றேங்கிறார், அவர் விளம்பரத்தை 100 பேர்ல ஒருத்தர் தட்டுறார். கூகுளுக்கு 10 ரூபாய். இன்னொருத்தர் 4 ரூபாய்தான் தர்றார், ஆனா 100-க்கு 5 பேர் தட்டுறாங்க. கூகுளுக்கு 20 ரூபாய். கடைக்காரரா நீங்க இருந்தா யாரை முன்னாடி உட்கார வைப்பீங்க? தேடுறவருக்கும் பொருத்தமான விளம்பரம் கிடைக்குது, கூகுளுக்கும் காசு கூடுது. இன்னிக்கு இந்தக் கணக்கு ரொம்பச் சிக்கலா வளர்ந்துடுச்சு, ஆனா அடிப்படை இதுதான். உங்க கணக்குல 1 முதல் 10 வரை தெரியுமே குவாலிட்டி ஸ்கோர், அதுக்குள்ள மூணு விஷயம் இருக்கு: எதிர்பார்க்கப்படும் சிடிஆர், தேடலுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், தட்டினதும் போய்ச் சேர்ற பக்கத்தின் தரம். இந்தத் தரம் நல்லா இருந்தா அதே இடத்துக்குக் குறைவான விலை கொடுத்தா போதும்.

அதனால சிடிஆர் முக்கியமான்னா, முக்கியம்தான். க்ளிக் விலையைக் குறைக்குது. ஆனா அது பிறந்ததே கூகுளோட வருமானக் கணக்குலங்கிறதை மறந்துடாதீங்க. உங்க வருமானக் கணக்கு அதுல எங்கேயும் கிடையாது. அதை நீங்கதான் போடணும்.

உங்க கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 250 கிராம் பாக்கெட்டை வரி போக 950 ரூபாய்க்கு விக்கிறீங்க. காய்க்கு 720, கூரியர் 60, பேக்கிங் 20, பேமென்ட் கேட்வே 20. மிச்சம் 130. உங்க பக்கத்துக்கு வர்ற 100 பேர்ல 3 பேர் வாங்கினா 390 ரூபாய். அப்போ ஒரு க்ளிக்குக்கு நீங்க தரக்கூடிய உச்சம் 3 ரூபாய் 90 காசு. அதுக்கு மேல ஒவ்வொரு காசும் கைநஷ்டம்.

அதுலயும் ஒரு ஓட்டை. கூகுள் ஆட்ஸ் பில்லுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. உங்ககிட்ட ஜிஎஸ்டி பதிவு இல்லன்னா அது திரும்ப வராது. 3.90-ஐ 1.18-ஆல் வகுத்தா 3.30. இதுதான் உண்மையான உச்சம். பதிவு பண்ணலாமா வேண்டாமான்னு தனியா யோசிக்கவும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகாவுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டின விற்பனை. வரி உள்ள பொருளை அப்படி விக்க, விற்றுமுதல் எவ்வளவுன்னு பாக்காம பதிவு கட்டாயம். உணவுப் பொருள்ங்கிறதால எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் வேணும். விளம்பரம் போடுறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைகள் இவை.

இப்போ மூணு மாதிரி ஓட்டிப் பாப்போம். எல்லாம் கணக்குக்காகத்தான்.

முதல் மாதிரி: "ஏலக்காய்"னு ஒரே வார்த்தை, கூகுள் எப்படி வேணாலும் பொருத்திக்கலாம். 10,000 தடவை காட்டுது, 150 க்ளிக், சிடிஆர் 1.5. க்ளிக் 6 ரூபாய்னா 900, ஜிஎஸ்டியோட 1,062. ரெண்டு ஆர்டர், 260 ரூபாய். 802 ரூபாய் காலி.

ரெண்டாவது: வாங்க வர்றவங்க அடிக்கிற வார்த்தைகள் மட்டும். 1,200 தடவைதான் காட்டுது, 72 க்ளிக், சிடிஆர் 6. க்ளிக் 4 ரூபாய், ஜிஎஸ்டியோட 340. நாலு ஆர்டர், 520. 180 ரூபாய் கையில.

மூணாவது: அதே வார்த்தைகள், ஆனா தலைப்பு "இலவச சாம்பிள்". 1,200 தடவையில 108 க்ளிக், சிடிஆர் 9. க்ளிக் 3.50, ஜிஎஸ்டியோட 446. வந்தவங்க சாம்பிள் கேட்டுட்டுப் போயிடுறாங்க, ஒரே ஒரு ஆர்டர். 316 ரூபாய் நஷ்டம். மூணுல சிடிஆர் அதிகம் இதுலதான்!

"ஏலக்காய்"னு தேடுறவங்க எல்லாம் யாரு?

இதுதான் இந்தப் பதிவோட மையம், கொஞ்சம் நிதானமா படிங்க. உங்க கூகுள் ஆட்ஸ் கணக்குல "தேடல் சொற்கள்"னு ஒரு அறிக்கை இருக்கு. நீங்க கொடுத்த கீவேர்ட் வேற, ஜனங்க உண்மையில அடிச்ச சொல் வேற. ரெண்டாவதைக் காட்டுறதுதான் இந்த அறிக்கை. சின்னத் தேடல்கள் எல்லாத்தையும் அது காட்டாது. காட்டுற அளவே கண்ணைத் திறக்கும்.

"ஏலக்காய் இன்றைய விலை போடி"ன்னு தேடுறவர் யார்? உங்க அப்பா. அல்லது உங்க அப்பா மாதிரி ஒருத்தர். காயை ஸ்டோர்ல உலர்த்தி வெச்சுட்டு, இன்னிக்கு ஏலத்துல என்ன போச்சுன்னு பாக்கிறவர். அவர் விக்கிறவர். அவருக்கு உங்க 250 கிராம் பாக்கெட் எதுக்கு? ஆனா விளம்பரத்துல விலை மாதிரி ஏதாவது தெரிஞ்சா தட்டிப் பார்த்துடுவார். ஊர்க்காரர் தட்டின க்ளிக்குக்கு நீங்க காசு கட்டுறீங்க.

"ஏலக்காய் தண்ணி குடிச்சா என்ன பயன்"னு தேடுறவர் படிக்க வந்தவர். "ஏலக்காய் நாத்து" தேடுறவர் நட வந்தவர். "ஏலத்தோட்டம் வேலை" தேடுறவர் வேலைக்கு வந்தவர். "கருப்பு ஏலக்காய்" தேடுறவருக்கு வேண்டியது பிரியாணிக்குப் போடுற பெரிய காய், அது உங்ககிட்ட இல்லை. "போடிநாயக்கனூர் ஏலம்"னு தேடுறவர் பேங்க் ஏலத்துல வீடு வாங்க அலையுறவரா இருக்கலாம்.

நம்ம ஊர்ப் பேர்ல ஒரு தனிச் சிக்கல். ஊர்ப் பாசத்துல "தேவாரம் ஏலக்காய்"னு கீவேர்ட் போட்டு பிராட் மேட்சில் விட்டா என்ன ஆகும்? அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடின தேவாரத்தைத் தேடுறவங்ககிட்ட உங்க விளம்பரம் போய் நிக்க வழி இருக்கு. காலையில பதிகம் கேக்கலாம்னு உட்கார்ந்த ஒரு பெரியவருக்கு 8 எம்எம் ஏலக்காய் விளம்பரம். அவர் தட்ட மாட்டார், நல்லவர். உங்க சிடிஆர்தான் இறங்கும். அதனால "பாடல்", "பதிகம்", "வரிகள்", "ஓதுவார்" எல்லாத்தையும் முதல் நாளே நெகட்டிவ் கீவேர்டா போட்டுடுங்க.

எக்ஸாக்ட் மேட்சில் போட்டா மட்டும்? "தேவாரம் ஏலக்காய்"னு தேட ஆளே இல்லைன்னா கூகுள் "தேடல் அளவு குறைவு"ன்னு சொல்லி அந்த கீவேர்டை ஓட்டவே செய்யாது. எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். தேவாரத்து ஆளுங்க தலைமுறை தலைமுறையா மலை ஏறிக் காய் எடுக்கிறாங்க. ஊருக்கு நேர் மேல மலை தெரியுது, ஆனா சாக்கலூத்து மெட்டு வழியா ரோடு வேணும்னு கேட்டுக்கேட்டு வருஷக்கணக்காச்சு. ஜீப் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுத்தித்தான் போகுது. அவ்வளவு உழைப்பும் வெளியே "கேரளா ஏலக்காய்"னுதான் பேர் வாங்குது. புவிசார் குறியீடுகூட ஆலப்பி பச்சை ஏலக்காய்ங்கிற பேர்லதான். வாங்குறவர் அடிக்கிற பேரும் இடுக்கி, மூணாறு, கேரளா. ஊர்ப் பேரைப் பாக்கெட்டில் பெருசா அச்சடிங்க, வெப்சைட்டில் ஊர்க் கதையை எழுதுங்க. கீவேர்டுல மட்டும் வாங்குறவர் வாய்ல என்ன வருதோ அதைப் போடுங்க.

வாங்க வந்தவர் எப்படித் தேடுவார்? அளவு சொல்வார்: 100 கிராம், 250 கிராம், 1 கிலோ. ரகம் தெரிஞ்சவர் 8 எம்எம், போல்டுன்னு சொல்வார். "ஆன்லைன்", "வாங்க", "ஆர்டர்", "ஹோல்சேல்" மாதிரி வார்த்தை கூட வரும். இவங்க எண்ணிக்கை கம்மி. கம்மியாவே இருக்கட்டும்.

நெகட்டிவ் போடும்போது ரெண்டு விஷயம். ஒண்ணு, நெகட்டிவ் கீவேர்ட் அதே பொருள் தர்ற வேற சொல்லைத் தானா தடுக்காது. "விலை"யைத் தடுத்தா "ரேட்" தடுபடாது. "பயன்கள்" தடுத்தா "நன்மைகள்" உள்ளே வரும். நம்ம ஆளுங்க பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்துல அடிக்கிறாங்க, அதுக்கும் தனித்தனியா போடணும். அலுப்பான வேலை, ஆனா சனிக்கிழமை ஒரு மணி நேரம் போதும். ரெண்டாவது, ஆர்வக்கோளாறுல "விலை"ன்னு மொத்தமா தடுத்துடாதீங்க. "ஏலக்காய் 1 கிலோ விலை"ன்னு தேடுறவர் வாங்குற ஆளா இருக்கலாம். "இன்றைய விலை", "ஏல விலை", "விலை நிலவரம்"னு சொற்றொடரா தடுங்க.

இன்னொண்ணு, எக்ஸாக்ட் மேட்ச்னா அச்சு அசல் அதே சொல்தான்னு நம்பிடாதீங்க. அதே அர்த்தம்னு கூகுளுக்குப் பட்டா வேற சொல்லுக்கும் காட்டும். அறிக்கையைப் பாக்காம விடக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

விளம்பர வரிகள்

தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம், விளக்கத்துக்கு 90. தமிழில் எழுதினா அது சீக்கிரம் தீர்ந்துடும். 2018-லிருந்து கூகுளில் தமிழிலேயே விளம்பரம் கொடுக்க முடியுது, அதனால தமிழில் தேடுறவருக்குத் தமிழில், ஆங்கிலத்தில் தேடுறவருக்கு ஆங்கிலத்தில்னு தனித்தனி விளம்பரக் குழுவா பிரிச்சிடுங்க. 15 தலைப்பு வரைக்கும் கொடுக்கலாம், கூகுள் கலைச்சுப் போட்டுக் காட்டும். 15-உம் நிரப்பணும்னு கட்டாயமில்லை. உருப்படியா எட்டு இருந்தா போதும்.

விலையைத் தலைப்புலயே போடுங்க. இதைச் சொன்னா "சிடிஆர் இறங்கிடுமே"ன்னு பயப்படுறாங்க. இறங்கட்டுமே! 950 ரூபாய்னு பார்த்துட்டு தட்டாம போறவர் உங்களுக்கு 3 ரூபாய் மிச்சம் பண்ணிட்டுப் போறார். சம்பளத்தை வெச்சு விளையாடுற நமக்கு அவர் நண்பர். ஒரே சிரமம், ஏலக்காய் விலை நிலையா நிக்காது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அதுக்கப்புறம் எங்கே இறங்கிச்சுன்னும் நினைவிருக்கும். விலை போட்ட விளம்பரத்தை வாரம் ஒரு தடவை பார்த்தே ஆகணும். விளம்பரத்துல ஒரு விலை, பக்கத்துல ஒரு விலைன்னா வந்தவர் அப்படியே திரும்பிடுவார்.

பக்கத்தைப் பத்தி சுருக்கமா: போன்ல சட்டுனு திறக்கணும், காயோட உண்மையான படம் இருக்கணும், கூரியர் சேர்த்து மொத்த விலை முதல் திரையிலேயே தெரியணும். அவ்வளவுதான்.

அடுத்த கடைப் பேரைப் போடலாமா?

சிலர் பெரிய மசாலா பிராண்டு பேரையே கீவேர்டா போடச் சொல்றாங்க. இது சம்பந்தமா ஒரு பெரிய வழக்கே நம்ம சென்னையில நடந்திருக்கு. பாரத் மேட்ரிமோனி நடத்துற நிறுவனம், அப்போ அதுக்கு கான்சிம் இன்ஃபோன்னு பேர், கூகுள் மேலயும் போட்டி நிறுவனங்கள் மேலயும் உயர் நீதிமன்றம் போச்சு. எங்க பேரைத் தேடினா அடுத்தவங்க விளம்பரம் வருதேங்கிறதுதான் புகார். 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்ரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். "தமிழ்", "மேட்ரிமோனி" மாதிரி விவரிக்கிற பொதுச் சொற்களை ஒருத்தர் மட்டும் பிடிச்சு வெச்சுக்க முடியாதுங்கிறது அதுல முக்கியமான காரணம். 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்குல, அடுத்தவர் வர்த்தகப் பேரை கீவேர்டா வைக்கிறதும் அந்தப் பேரைப் பயன்படுத்துறதுதான், ஆனா வாங்குறவர் குழம்பாத வரைக்கும் அது மட்டுமே மீறல் ஆகாதுன்னு சொன்னது.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு பிராண்டு பேரைச் சொல்லித் தேடுறவர் அதைத்தான் தட்டுவார். உங்களுக்கு சிடிஆரும் விழும், க்ளிக் விலையும் ஏறும். நமக்கு அது வேண்டாத வேலை. அதேநேரம் உங்க சொந்தக் கடைப் பேரைக் கீவேர்டா போட்டு "சிடிஆர் 30 வருது"ன்னு சந்தோஷப்படவும் வேண்டாம். கடைப் பேரைச் சொல்லித் தேடுறவர் விளம்பரம் இல்லன்னாலும் வந்திருப்பார்.

கூகுள் தானா வெச்சிருக்கிற சில டிக்குகள்

புதுசா விளம்பரம் உருவாக்கும்போது தேடல் கூட்டாளித் தளங்கள், டிஸ்ப்ளே நெட்வொர்க் ரெண்டும் டிக் ஆகியிருக்கும். எடுத்துடுங்க. இடம் பத்தின அமைப்பில் "இங்கே இருப்பவர்கள் அல்லது இந்த இடத்தில் ஆர்வம் உள்ளவர்கள்"னு இருக்கும். தமிழ்நாடுன்னு நீங்க போட்டாலும் துபாயிலிருந்து தமிழ்நாட்டைப் பத்தித் தேடுறவருக்கும் காட்டலாம்னு அர்த்தம். "இருப்பவர்கள்" மட்டும்னு மாத்துங்க. "பரிந்துரைகள்" பக்கத்துல, தானா அமல்படுத்துற வசதி இருந்தா அணைச்சிடுங்க. ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 100 வந்துட்டதால உங்க பையில 100 ரூபாய் வராது.

விளம்பரம் வருதான்னு பாக்க தினமும் நீங்களே தேடிப் பாக்காதீங்க. தட்டாம பாத்தா சிடிஆர் இறங்கும், தட்டினா காசு போகும். அதுக்குன்னே முன்னோட்டக் கருவி கணக்குக்குள்ள இருக்கு. ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்ல "எல்லாரும் என் விளம்பரத்தைத் தட்டுங்க"ன்னு போடுறவங்களும் உண்டு. அத்தை, சித்தப்பா எல்லாரும் பாசமா தட்டுவாங்க. தவறான க்ளிக்னு கூகுள் கண்டுபிடிச்சா கணக்குல வராது, கண்டுபிடிக்கலன்னா பில் உங்களுக்கு.

எண்களைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். 40 தடவை காட்டினதுல ரெண்டு பேர் தட்டினா சிடிஆர் 5. ஒருத்தர் தட்டாம போயிருந்தா 2.5. இதை வெச்சு இந்தத் தலைப்பு நல்லது, அது மோசம்னு முடிவு எடுக்க முடியாது. சில நூறு க்ளிக்காவது சேரட்டும்.

சம்பளத்துக்கு வேலி

நாளுக்கு 200 ரூபாய்னு பட்ஜெட் போட்டா ஒரு நாள்ல 400 வரைக்கும் போகலாம். மாசத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 6,080. ஜிஎஸ்டியோட 7,174. கிரெடிட் கார்டை இணைச்சு விட்டுட்டு மறந்துடுறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். முன்பணம் போட்டு ஓட்டுற வசதி உங்க கணக்குல இருந்தா அதையே எடுங்க. காசு தீர்ந்தா விளம்பரம் நிக்கும், அவ்வளவுதான்.

வரிப் பக்கம் ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். இந்த வியாபாரத்துல நஷ்டம் வந்தா அதைச் சம்பள வருமானத்துல கழிச்சு வரியைக் குறைக்க முடியாது. சட்டம் விடாது. குறிச்ச தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா பின்னால வர்ற தொழில் லாபத்துல கழிச்சுக்கலாம், அவ்வளவுதான். லாபத்தை உத்தேசமா, ஆன்லைன்ல வந்த விற்பனைப் பணத்துல 6 சதவீதம்னு காட்டுற முறையை எடுத்தீங்கன்னா விளம்பரச் செலவைத் தனியா கழிக்க முடியாது. ரெண்டுல எது உங்களுக்குச் சரின்னு ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஆபீஸ் ஆஃபர் லெட்டர்ல வெளி வியாபாரம் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் ஒரு தடவை படிச்சுடுங்க.

என் யோசனை

250 கிராம் பாக்கெட்டை மட்டும் நம்பி தேடல் விளம்பரம் ஓட்டுறது கஷ்டம்னுதான் நினைக்கிறேன். 130 ரூபாய் மிச்சத்துல க்ளிக் விலைக்கு இடமே இல்லை. முதல் ஆர்டர்ல லாபம் வராது, சரி, ஆனா அந்த வாடிக்கையாளர் ரெண்டாவது தடவை நேரா வாட்ஸ்ஆப்பில் கேட்டா அந்த ஆர்டருக்கு விளம்பரச் செலவு கிடையாது. அதனால விளம்பரத்தால வந்த 20 பேர்ல எத்தனை பேர் மூணு மாசத்துல திரும்பி வந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. சிடிஆரை விட எனக்கு அந்த நோட்டு முக்கியம்.

இன்னொரு வழி, வாங்குற ஆளையே மாத்துறது. ஸ்வீட் கடை, டீ மாஸ்டர், கல்யாண சமையல் காண்ட்ராக்டர், ஹோட்டல். இவங்க கிலோ கணக்குல, வருஷம் முழுக்க வாங்குறவங்க. "ஏலக்காய் ஹோல்சேல் சென்னை"ன்னு நாளைக்கு நாலு பேர்தான் தேடுவாங்கன்னு வைங்க. அந்த நாலுல ஒருத்தர் உங்க விளம்பரத்தைத் தட்டினா சிடிஆர் 25. க்ளிக்குக்கு 15 ரூபாய் கொடுத்தாலும் கட்டும், ஏன்னா அஞ்சு கிலோ ஆர்டர் ஒண்ணு வந்தா மிச்சம் ஆயிரக்கணக்குல நிக்கும். இங்கே உங்களுக்கு ஒரு பலம் இருக்கு: காயைப் பார்த்து ரகம் சொல்றவர் உங்க வீட்டுலயே இருக்கார். பச்சை மங்கியிருக்கா, வாய் திறந்திருக்கா, 7-8 எம்எம்மை 8-னு கலந்திருக்கான்னு அவருக்குத் தெரியும். ஸ்வீட் கடைக்காரர் போன்ல கேக்கிற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லணும், நீங்க இல்லை. விளம்பரத்துல போன் நம்பர் இணைச்சு, காலையில பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மட்டும் ஓட விடுங்க. அவர் போன் எடுக்கிற நேரம் அதுதான்.

தீபாவளி ஸ்வீட்டுக்குக் கடைக்காரங்க முன்கூட்டியே காய் வாங்கி வைப்பாங்க. ஆடியிலேயே கீவேர்ட் பட்டியலையும் நெகட்டிவ் பட்டியலையும் தயார் பண்ணிட்டா ஆவணியில சின்ன பட்ஜெட்டில் ஓட்டிப் பாக்கலாம். அடுத்த வீடியோவுல தேடல் சொற்கள் அறிக்கையைத் திரையில திறந்து, நெகட்டிவ் பட்டியல் போடுறதை ஒவ்வொரு படியா காட்டுறேன். அதுக்குள்ள ஊருக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கு 8 எம்எம் என்ன போச்சுன்னு கேட்டு, உங்க 3 ரூபாய் 30 காசு கணக்கை உங்க எண்களோட ஒரு தடவை போட்டு வைங்க.